என் சம்பந்தியும் தேயாத பவுனும்

அன்று காலை பாண் வாங்குவதற்காக பேக்கரி வாசலில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ரத்தோட்டையிலிருந்து வந்த பஸ் எங்களைத் தாண்டிப் போய் நின்றது. கண்டக்டர் இறங்கி, வரிசையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என் முன்னால் வந்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"முதலாளி, உங்க சம்பந்தி கிளாக்கரையா விடியக்காலைல போயிட்டாருங்க. உங்க மாப்பிள்ள சொல்லச் சொன்னாரு. தூக்கத்துலயே போயிட்டாராம். ஒரு வேதனையும் இல்லையாம்."

வரிசையில் நின்றவர்கள் நல்ல சாவு என்றார்கள். எனக்கு முன்னால் நின்ற துணிக்கடை முஸ்லிம் நானா, "குடுத்து வச்ச மனுசன்" என்று தலையை ஆட்டினார். எனக்குத் துக்கம் வந்தது உண்மை. சாவிலும் அவருக்கே முதல் தரம் வாய்த்துவிட்டதே என்று அப்போதே நினைத்ததும் உண்மை. எனக்குக் கொஞ்ச காலமாக இரைப்பு. நான் அப்படித் தூக்கத்தில் போகப் போவதில்லை.

இந்த அஞ்சலிக் கட்டுரையில் பொறாமை என்ற சொல் வரக் கூடாது என்று என் மனைவி கமலம் சொல்கிறாள். அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் அவரைப் பற்றி நான் எழுதுவதற்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. அவருடைய நேர்மை, கடமை உணர்வு, கோயில் திருப்பணி பற்றியெல்லாம் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவரைப் பார்த்து வயிறெரிந்தபடியே அவர் வீட்டுக்கு இத்தனை காலம் போய்வந்தவன் நான் ஒருவன்தான்.

பெரிய கிளாக்கர் வேலுச்சாமி அவர்களை ரத்தோட்டைப் பக்கம் அறியாதவர்கள் இருக்க மாட்டார்கள். ரிவர்ஸ்டன் போகிற வழியில் உள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஓய்வு பெறும்வரை தலைமைக் கிளார்க்காக இருந்தார்கள். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். உயரமான, ஒல்லியான மனிதர். வெள்ளைக் கோட்டு. கோட்டின் மேல்பையில் பேனா, உள்பையில் எப்போதும் ஏதாவதொரு பழைய காசு. நான் மாத்தளை டவுனில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். எங்கள் இருவருக்கும் பழங்காசு சேர்க்கிற பைத்தியம். ஒரு டவுனுக்கு அப்படி ஒரு பைத்தியம் போதும். எங்களுக்கு இரண்டு இருந்ததுதான் வினை.

சுதந்திரம் வந்த பிறகு, குடியுரிமை விண்ணப்பத்துக்குப் படம் எடுக்கத் தோட்டத்து ஆட்கள் லொறி லொறியாக டவுனுக்கு வந்த காலம் அது. அவர்களை அழைத்துக்கொண்டு ஒருநாள் கிளாக்கரையாவும் வந்தார்கள். பெண்கள் கண்ணாடி முன் தலை வாரிக்கொண்டிருந்தபோது, அவர் என் கண்ணாடிப் பெட்டியைக் குனிந்து பார்த்தார்கள். அதில் நான் சேர்த்த காசுகள் இருந்தன. நடுவில், நீலத் துணிமேல், விக்டோரியா ராணி தலை போட்ட ஐம்பது சத வெள்ளிக்காசு. அன்றைக்கு என் பெருமை முழுவதும் அதுதான்.

"இது எங்க வாங்கினீங்க முதலாளி?"

"கண்டியில. எப்படி மின்னுது பாத்தீங்களா?"

"மின்னுது. யாரு இதைக் குளிப்பாட்டினது?"

எனக்குப் புரியவில்லை. அவர் காசை வெளியே எடுக்கச் சொன்னார்கள். விளிம்பை இரண்டு விரலால் பிடித்து, ஜன்னலோரம் போய், மெதுவாகச் சாய்த்தார்கள்.

"பாருங்க. பித்தளைச் சொம்பைச் சாம்பல் போட்டுத் தேய்ச்சா விழுமே, அந்தக் கோடு. எல்லாம் ஒரே பக்கமா ஓடுது. புளியும் போட்டிருப்பாங்க. ராணியோட முடி ஒண்ணும் தேயல, நல்ல காசுதான். ஆனா தோல உரிச்சுட்டாங்க. இது மின்னலு இல்லீங்க, காயம்."

என்னிடம் ஜெர்மன் லென்ஸ் இருந்தது. படம் எடுக்கிற பெரிய விளக்குகள் இருந்தன. வெளிச்சத்தை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவன் நான். அந்தக் கோடுகள் எனக்குத் தெரியாமல் போனதும், வெறும் கண்ணால் ஜன்னல் வெளிச்சத்தில் அவருக்குத் தெரிந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. அன்று எடுத்த படங்களில் பாதிப் பேருக்குக் கண் மூடியிருந்தது. திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

பழங்காசின் மதிப்பு வயதில் இல்லை, உடம்பில் இருக்கிறது என்பது இந்தப் பைத்தியத்தின் முதல் பாடம். ஒரே வருடத்துக் காசு இரண்டு இருந்தால், ஒன்றைச் சிறுபிள்ளையிடம் விளையாடக் கொடுக்கலாம், இன்னொன்றுக்குக் கொழும்பிலிருந்து ஆள் வருவார்கள். தேய்மானமும் மேல்தோலும்தான் கணக்கு. வெளிநாட்டுப் புத்தகங்களில் இதற்குப் பெரிய பெரிய பெயர்கள் உண்டு. கிளாக்கரையா தமக்கென்று வேறு பெயர்கள் வைத்திருந்தார்கள். கைபடாதது, கைபட்டது, நடந்தது, களைத்தது, மொட்டை. இவ்வளவுதான். மாத்தளையில் காசு சேர்த்த எல்லோரும் பிறகு அந்தப் பெயர்களையே சொல்லத் தொடங்கினார்கள். நான் கொஞ்ச காலம் புத்தகப் பெயர்களையே பிடிவாதமாகச் சொல்லிப் பார்த்தேன். யாருக்கும் புரியவில்லை. கடைசியில் என் வாயிலும் 'கைபடாதது' என்றே வந்தது.

காசை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதில் அவர் மிகவும் கண்டிப்பு. "காதைப் பிடிங்க, கன்னத்தைக் கிள்ளாதீங்க" என்பார்கள். காது என்றால் விளிம்பு. கன்னம் என்றால் முகப்பு. விரலின் வியர்வையும் எண்ணெயும் காசின் தோலில் இறங்கினால் ஒரு நாளும் போகாது, இன்றைக்குத் தெரியாத கைரேகை வருடங்கள் கழித்துக் கறுப்பாக எழுந்து நிற்கும் என்பார்கள். கோயில் தர்மகர்த்தா ஒருவரையே இதற்காகக் கடிந்துகொண்டதை நான் பார்த்திருக்கிறேன். தர்மகர்த்தாவுக்குக் கோபம் வரவில்லை, சிரித்துக்கொண்டே விளிம்பைப் பிடித்தார். நான் சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும்.

இன்னொரு கொடுப்பினையும் அவருக்கு இருந்தது. ரிவர்ஸ்டன் மூடுபனியில் எந்தச் செம்புக்காசும் பச்சை பூத்துவிடும், எந்த வெள்ளியும் கறுத்துவிடும். மலைமேல் இருக்கிற மனிதர் என்ன செய்வார் என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டதுண்டு. அவரோ காசுப் பெட்டியைத் தோட்டத்து ஃபெக்டரியில், தேயிலை பொதி செய்கிற அறையின் மேல்தட்டில் வைத்திருந்தார்கள். தேயிலைக்கு ஈரம் ஆகாது என்பதால் அந்த அறையை எந்நேரமும் காய்ந்தபடியே வைத்திருப்பார்கள். மாத்தளை டவுனில் மழைக்காலத்தில் என் காசுகள் பழுப்பேறின. அவருடைய சதக்காசுகள் அச்சில் விழுந்த அன்றைய சிவப்போடு, தேயிலை வாசம் வேறு வீச, அப்படியே இருந்தன. இந்த யோசனை எனக்கு ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். என்னிடம் ஃபெக்டரி இல்லை.

இனி பவுனுக்கு வருகிறேன்.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சொந்த ஊருக்குப் புறப்பட்டபோது, கிளாக்கரையாவைக் கூப்பிட்டு ஒரு சிறிய காகித உறையைக் கொடுத்தாராம். கப்பல் ஏறும் நாளில் துரையின் தாயார் கொடுத்த தங்கப் பவுன் அது. ஒரு பக்கம் ராணித்தலை. மறு பக்கம் குதிரைமேல் வாளோடு ஒரு வீரன், காலடியில் ராட்சதப் பாம்பு. அவ்வளவு காலமும் துரை அதை உறையை விட்டு எடுக்கவே இல்லை. நம் ஊரில் பவுன் காசு என்றால் மாலையில் கோக்கத்தான். தலைமேல் ஒரு வளையம் பற்றவைத்து, கழுத்தில் போட்டு, ரவிக்கையில் உரசி உரசி, ராணி மூக்கில்லாமல் போய்விடுவாள். என்னிடம் இருந்ததும் அப்படித்தான். என் அம்மாவின் காசுமாலையிலிருந்து வந்தது, வளையம் வைத்த தழும்போடு. வளையம் ஏறாத, உடம்பில் படாத பவுனை இந்த ஜில்லாவில் நான் பார்த்தது அவரிடம் மட்டுமே.

அதை முதன்முதலில் அவர் காட்டியபோது வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோனேன். ஏதாவது குறை கண்டுபிடிக்காமல் வீடு திரும்புவதில்லை என்று லென்ஸை வைத்துத் தேடினேன். கண்டுபிடித்தேன். குதிரைவீரனின் முழங்காலில் உருவம் கொஞ்சம் மழுங்கியிருந்தது.

"முழங்கால் தேஞ்சிருக்கு கிளாக்கரையா. இது கைபட்டதுதான்."

"தேயலீங்க. அச்சு அந்த இடத்துல சரியா விழல."

"காசுல மேடான இடம்தானே முதல்ல தேயும்? நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். அதோட இன்னொண்ணும் சொன்னேனே. தேஞ்ச இடத்துல வெளிச்சம் செத்துப் போயிடும். அச்சு விழாத இடத்துல தோல் அப்படியே இருக்கும், வெளிச்சம் அதுமேல ஓடும். சாய்ச்சுப் பாருங்க."

சாய்த்துப் பார்த்தேன். எனக்கு ஓடவில்லை. ஓடக் கூடாது என்று என் மனசு வேண்டிக்கொண்டிருந்தது என்று கமலம் சொல்வாள். இருக்கலாம். அந்த முழங்கால் வழக்கு எங்களுக்குள் வருடக்கணக்காக நடந்தது. அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமை லீவை எடுத்துவிட்டு, பிறைக் கணக்கில் வரும் போயா நாளுக்கு லீவு கொடுத்த காலத்திலும் நடந்தது. போயா தவறாமல் பஸ் ஏறி ரத்தோட்டைக்குப் போவேன். பால் தேத்தண்ணி வரும், பவுன் வரும், முழங்கால் வரும். அவருக்கே மலை ஏறி ஏறி முழங்கால் வலி கண்டபோது, "இதுவும் அச்சு விழாததுதானா?" என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரைச் சீண்டத்தான் சொன்னேன். அவர் சிரித்ததால் சொன்னதன் பலன் போய்விட்டது.

பவுனை எனக்குத் தரும்படி எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். மாற்றுக்கு என் பெட்டியில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்.

"என் கைய விட்டு அது போறதா இருந்தா உங்க வீட்டுக்குத்தான் வரும் முதலாளி. வேற எங்கயும் போகாது."

அந்த வார்த்தையை நம்பிக் காத்திருந்தேன்.

நடுவில் எனக்கும் ஒரு நல்ல காலம் வந்தது. நாலந்தா பக்கம் ஒரு பழைய சிங்களக் குடும்பத்துக்குப் படம் எடுக்கப் போயிருந்தேன். வீட்டுக்காரர் பெட்டகத்தைத் திறந்து, பட்டுத் துணியில் சுற்றிய வெள்ளிக்காசு ஒன்றைக் காட்டினார். ஆங்கிலேயர் இந்தத் தீவுக்கென்று அடித்த பழைய வெள்ளி. ஒரு பக்கம் ராஜா, மறு பக்கம் யானை. யாரும் தேய்த்ததில்லை, கழுவியதில்லை. சாம்பல் நிறத்தில், விளிம்போரம் லேசாக நீலம் பாய்ந்திருந்தது. பேரம் பேசாமல் வாங்கி வந்தேன்.

கிளாக்கரையா அதைப் பார்க்கவென்றே மலையிறங்கி வந்தார்கள். பெட்டியின் கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்தார்கள். யானையின் இடுப்புதான் அந்தக் காசில் முதலில் தேய்கிற இடம். ஏதாவது சொல்வார், நான் பதில் சொல்லலாம் என்று தயாராக இருந்தேன்.

"கைபடாதது" என்றார்கள். "இப்படி ஒண்ணை நான் பாத்ததில்ல. குடுத்து வச்சவரு நீங்க."

ஒரு குறையாவது சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நான் அவர் பவுனில் முழங்காலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். அவர் என் யானைக்கு வாய் நிறைய முதல் தரம் கொடுத்துவிட்டுப் போகிறார். பிறகு ஒன்று கேட்டார்கள்.

"ஒரே ஒரு தடவை கையில தாங்க. காதைத்தான் பிடிச்சுக்குவேன்."

"உங்களுக்கு வேர்க்கிற கை கிளாக்கரையா" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டு கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எப்போது ஸ்டூடியோவுக்கு வந்தாலும் அந்தக் கண்ணாடிப் பெட்டிமுன் ஒரு நிமிடம் நிற்பார்கள். கையில் கேட்டதில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவர் என்னைப் பார்த்து ஏங்கினார். எனக்கு அது வேண்டியிருந்தது, வைத்துக்கொண்டேன். இதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கிற எண்ணம் இல்லை.

அவர் மகன் இராஜேந்திரன் ஆசிரியர் வேலை கிடைத்து வந்ததும், கிளாக்கரையாவும் அவர் துணைவியாரும் தட்டோடு வந்து என் மகள் சாரதாவைப் பெண் கேட்டார்கள். பையன் நல்லவன், குடும்பம் நல்லது. நான் உடனே சரி என்றதற்கு இவையெல்லாம் காரணம். 'உங்க வீட்டுக்குத்தான் வரும்' என்ற வார்த்தையும் ஒரு காரணம். சம்பந்தம் முடிந்தால் சீர்வரிசையோடு சீர்வரிசையாக அந்தப் பவுன் ஏதாவதொரு தட்டில் எனக்கு வந்து சேரும் என்று கணக்குப் போட்டேன்.

தாலிக்குப் பொன்னுருக்குகிற நாள் வந்தது. மாப்பிள்ளை வீட்டில், நல்ல நேரம் பார்த்து, ஒரு பொற்காசைச் சபையில் எல்லோரும் தொட்டு ஆசீர்வதித்த பிறகு பத்தர் அதை உருக்குவார். அந்தத் தங்கத்தில்தான் தாலி செய்வது. பெண் வீட்டார் நாங்கள் வான் வண்டி பிடித்து ரத்தோட்டைக்குப் போயிருந்தோம். பத்தர் கரியடுப்பையும் ஊதுகுழலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பூ, நடுவில் காசு என்று தட்டு ஒவ்வொருவராகச் சுற்றி என்னிடம் வந்தது.

நான் சும்மா தொட்டுக் கும்பிட்டுவிட்டு அனுப்பியிருக்கலாம். காசைப் பார்த்தால் என் கண் குனிந்தே தீரும். ராணித்தலைமேல் வளையத் தழும்பு இல்லை. காதைப் பிடித்துத் திருப்பினேன். குதிரை. வீரன். முழங்கால்.

அது அதே பவுன்.

ஜன்னல் எனக்கு இடது பக்கம் இருந்தது. திருப்பியதில் காசு கொஞ்சம் சாய்ந்தது. வெளிச்சம் குதிரையின் கழுத்திலிருந்து கிளம்பி, வீரனின் தொடைமேல் ஏறி, முழங்காலில் நிற்காமல், அந்தப் பக்கம் இறங்கிப் போனது. இத்தனை வருடம் எனக்கு ஓடாத வெளிச்சம் அன்று ஓடியது. தேயவில்லை. ஒரு கடுகளவும் தேயவில்லை. நான் தட்டை அடுத்தவருக்குக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டேன்.

"சம்பந்தி, கொஞ்சம் இங்க வாங்க" என்று கிளாக்கரையாவைக் கூப்பிட்டேன். குனிந்தார்கள். காதோடு சொன்னேன். "உங்களுக்கென்ன பைத்தியமா? உருக்கினா எல்லாத் தங்கமும் ஒண்ணுதான். தேஞ்ச பவுன் ஒண்ணு எடுங்க. இல்லைன்னா எங்க வீட்டுல இருக்கு, ஆள் விட்டு எடுத்துட்டு வரச் சொல்றேன்."

நான் காதோடு சொன்னதை அவர் சபைக்கே கேட்கிற குரலில் திருப்பிக் கேட்டார்கள்.

"தேஞ்ச காசுலயா நம்ம சாரதாவுக்குத் தாலி செய்யச் சொல்றீங்க சம்பந்தி?"

பெண்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். கமலம் என்னைப் பார்த்த பார்வையில் கரியடுப்பே தேவையில்லை, பவுன் உருகியிருக்கும். பெற்ற மகளுக்குத் தேய்ந்த காசு போதும் என்று சொன்ன தகப்பன் நான். மாற்றான் மகளுக்கு உயிராய் வைத்திருந்ததைக் கொடுக்கிற மாமனார் அவர்.

"நேரம் போகுதுங்க" என்றார் பத்தர்.

தட்டைக் கொடுத்தேன். மாப்பிள்ளை காசை எடுத்துப் பத்தர் கையில் வைத்தார். பத்தர் அதை உருக்குகிற மண்மூசையில் போட்டு ஊதினார். கிளாக்கரையா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். மூசைக்குள் காசு சிவந்து, ஓரங்கள் தளர்ந்து, திடீரென்று சுருண்டு ஒரு உருண்டையானது. அவர் அடுப்பைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முழங்கால் வழக்கு முடிஞ்சு போச்சு. இனி யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது" என்றார்கள் மெதுவாக.

"நான் பாத்துட்டேன். வெளிச்சம் ஓடிச்சு" என்றேன்.

"அது எனக்கு எப்பவோ தெரியும்."

அவ்வளவுதான். ஆயுசில் ஒரு முறை தோற்றேன் என்று ஒப்புக்கொண்டதற்குக் கிடைத்த பதில் இது.

அவர் வாக்குத் தவறவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். பவுன் என் வீட்டுப் பெண்ணுக்குத்தானே வந்தது. ஆனால் கல்யாணமான பெண் எந்த வீட்டுப் பெண்? அவள் ரத்தோட்டைக்குப் போய்விட்டாள். பவுன் அவர் வீட்டைவிட்டு ஓர் அடி நகரவில்லை, என் மகளும் சேர்ந்து அவர் வீட்டுக்குப் போனாள். இதை நான் வண்டியில் திரும்பி வரும்போதே கமலத்திடம் சொன்னேன். அவள் அன்று என்னோடு பேசவில்லை.

பிறகு நடந்தது அதைவிட மோசம். சாரதா பிறந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் மாமா அப்படிச் சொன்னார், மாமா இதை இப்படித்தான் செய்வார் என்று ஆரம்பித்துவிடுவாள். நான் எத்தனையோ முறை ரசம் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன், அது அவளுக்கு ஞாபகம் இல்லை. மாமா ஒரு முறை சொன்னதை ஊரெல்லாம் சொல்வாள். பவுனுக்கு வயிறெரிந்தது ஒன்றுமில்லை. இதற்குத்தான் எனக்கு உண்மையாக எரிந்தது.

ஒரு போயா நாள் நான் அங்கே இருந்தபோது சாரதா காப்பி கொண்டு வந்தாள். குனிந்தபோது தாலி முன்னால் வந்து தொங்கியது. குளிக்கும்போது மஞ்சள் பூசித் தேய்த்துத் தேய்த்து, அதன் முனைகள் மழுங்கியிருந்தன. நான் பார்ப்பதைக் கிளாக்கரையா பார்த்துவிட்டார்கள்.

"தேயுதேன்னு பாக்குறீங்களா? நல்லாத் தேயட்டும். காசுதான் தேயக் கூடாது. தாலி தேஞ்சாத்தான் அழகு" என்றார்கள்.

சாரதா சிரித்துக்கொண்டு உள்ளே போனாள். இந்த மாதிரி ஒரு வார்த்தை என் வாயில் வரவே வராது.

சாவுச் செய்தி கேட்ட அன்று பாண் வாங்காமல் வீட்டுக்குத் திரும்பினேன். கமலம் புடவை மாற்றிக்கொண்டிருந்தாள். நான் ஸ்டூடியோவுக்குள் போய்க் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, யானைக்காசை எடுத்துப் பட்டுத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் கையில் ஒரு முறை வைத்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் நினைப்பு. கேட்டாரே, வைத்துவிடுவோம். இனி அவருக்கு வேர்க்காது.

ரத்தோட்டை வீட்டு வாசலில் மழை தூறிக்கொண்டிருந்தது. தோட்டத்து ஆட்கள் இறங்கி வந்து முற்றம் நிறைய நின்றார்கள். உள்ளே சாரதா அவர் காலடியில் கிடந்து அழுதாள். அப்படி ஓர் அழுகையை நான் அவளிடம் பார்த்ததில்லை. என் அம்மா இறந்தபோதும் அவள் அப்படி அழவில்லை. நான் போகும்போது இப்படி அழுவாளா என்று நினைத்தேன். பிணத்தின் முன் நின்று அதைத்தான் நினைத்தேன்.

குளிப்பாட்டி, வேட்டி உடுத்தி, திருநீறு பூசி, நெற்றியில் சந்தனம் அப்பினார்கள். காரியம் செய்கிற பெரியவர், "நெத்திக்காசு குடுங்கையா" என்று கை நீட்டினார். சந்தனத்தின் மேல் ஒட்டி அனுப்பவேண்டிய காசு. மாப்பிள்ளை பாவம், அழுத கண்ணோடு சட்டைப் பையைத் துழாவி ஒரு இருபத்தைந்து சதத்தை எடுத்தார். மங்கி, கறுத்து, எழுத்தெல்லாம் போய், பஸ்ஸிலும் கடையிலும் நடந்து களைத்த காசு. கிளாக்கரையாவே தரம் சொல்லியிருந்தால் மொட்டை என்றிருப்பார்கள்.

பெரியவர் அதை வாங்குவதற்குள் என் கை பைக்குள் போய்விட்டது. பட்டுத் துணியைப் பிரித்தேன்.

சாரதா தலை தூக்கிப் பார்த்தாள். "அப்பா, அது உங்க யானைக்காசு."

"மாமா, அது வேணாம். மயானத்துல எடுத்துருவாங்க. இதே போதும்" என்றார் மாப்பிள்ளை.

"தேஞ்ச காசையா வைக்கச் சொல்றீங்க?" என்றேன்.

கமலம் என் பக்கம் திரும்பினாள். இந்த முறை அவள் பார்வை வேறாக இருந்தது.

காதைப் பிடித்துத்தான் கொண்டுபோனேன். யானை மேலே தெரியும்படி நெற்றியில் வைத்தேன். சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது. காசு வழுக்கிப் புருவத்துக்கு வந்தது. மறுபடியும் வைத்தேன், மறுபடியும் வழுக்கியது.

"ஓரத்தப் பிடிச்சா நிக்காதுங்க. நடுவுல வச்சு அழுத்துங்கையா" என்றார் பெரியவர்.

பெருவிரலை யானையின் இடுப்பின் மேல் வைத்து, முழுப் பலத்தோடு அழுத்தினேன். ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. விரலை எடுத்தபோது என் கைரேகை வரி வரியாக அதில் பதிந்திருந்தது. கொஞ்ச நேரம் குனிந்தபடியே நின்றேன், ஏதாவது சொல்வார் என்று.

போய் வாருங்கள், சம்பந்தி. கன்னத்தைத்தான் கிள்ளினேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை.